சிடி டிரைவ் இல்லாத பழைய மடிக்கணினியில் டெபியன் 12 நிறுவிய அனுபவம்

குடியாத்தத்தில் கைலித் தறி வைத்திருக்கும் என் பெரியப்பா மகன், பாவு நூல், ஊடை நூல் வரவையும் கூலிக் கணக்கையும் தமிழிலேயே தட்டச்சு செய்து வைத்துக்கொள்ள விரும்பி, பரணில் கிடந்த சிறிய மடிக்கணினி ஒன்றைக் காட்பாடியில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். 2008-இல் வெளிவந்த இன்டெல் ஏடம் என்270 செயலி, 1 ஜிபி நினைவகம், 1024-க்கு 600 அளவுள்ள திரை, கூடவே விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டதால், அதை அப்படியே இணையத்தோடு இணைக்க எனக்கு மனம் வரவில்லை.

"சிடி போடுற இடமே இல்லையேப்பா, வேற எப்படி ஏத்துவே?" என்று அண்ணன் கேட்டார்.

"பென் டிரைவ்லயே ஏத்திடலாம்ணா" என்றேன்.

எந்த இயங்குதளம் என்பதைச் செயலிதான் முடிவு செய்தது. என்270 ஒரு 32 பிட் செயலி. 64 பிட் பதிப்பு எதுவும் அதில் இயங்காது. கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகை இயங்குதளங்களுள் ஒன்றான உபுண்டு தன் மேசைக்கணினிப் பதிப்புக்கு 32 பிட் நிறுவல் கோப்பு தருவதை 17.10 பதிப்போடு நிறுத்திக்கொண்டது. அதே வகையைச் சேர்ந்த டெபியனில், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பிலும் இவ்வகைக் கணினிக்கு நிறுவி (நிறுவல் மென்பொருள்) கிடையாது. எனவே 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-ஐத் தேர்ந்தெடுத்தேன். பல வைஃபை சில்லுகளுக்குத் தேவைப்படும் ஃபர்ம்வேர் (சில்லை இயக்கும் நிரல்) இந்தப் பதிப்பிலிருந்துதான் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பிலேயே சேர்ந்து வருகிறது என்பது பழைய கணினி வைத்திருப்பவர்களுக்குச் சிறிய உதவியன்று.

மீதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் நெட்இன்ஸ்ட் எனப்படும் சிறிய நிறுவல் கோப்பு 1 ஜிபிக்கும் குறைவு என்பதால் 2 ஜிபி பென் டிரைவே போதும். தரவிறக்கியதும் கோப்பு பழுதில்லையா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, டெபியன் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டேன்; ஒரு நிமிட வேலைதான், ஆனால் பாதியில் நிற்கும் நிறுவலுக்குப் பழுதான கோப்பு காரணமா என்ற ஐயம் பிறகு எழவே எழாது. பாட்டுக் கோப்பை நகலெடுப்பது போல இதைப் பென் டிரைவில் போட்டால் கணினி அதிலிருந்து தொடங்காது. சிடிக்கும் பென் டிரைவுக்கும் பொதுவாக அமைக்கப்பட்ட பிம்பம் (முழு வட்டின் நகல்) என்பதால், பைட்டுக்குப் பைட் அப்படியே எழுத வேண்டும். லினக்ஸில் டிடி கட்டளை இதைச் செய்கிறது. விண்டோஸில் ரூஃபஸ் மென்பொருளை டிடி முறையில் பயன்படுத்தலாம். கட்டளையில் பகிர்வின் (சாதனத்தின் ஒரு பகுதியின்) பெயரைத் தராமல் முழுச் சாதனத்தின் பெயரைத் தர வேண்டும் என்பதும், பென் டிரைவில் ஏற்கெனவே உள்ளவை எல்லாம் அழிந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உண்மையான வேலை, கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் நிரலில்தான் இருந்தது. கணினியை இயக்குவதற்கு முன்பே பென் டிரைவைச் செருகியிருந்தால் மட்டுமே இந்த பயாஸ் அதைக் காண்கிறது. கண்டாலும், தனிச் சாதனமாகக் காட்டாமல் ஹார்ட் டிஸ்க் பட்டியலுக்குள் இரண்டாவதாக வைக்கிறது. அந்தப் பட்டியலுக்குள் போய் அதை முதலிடத்துக்கு நகர்த்திய பிறகே தொடக்க வரிசையில் அது தென்பட்டது. ஆனால் சார்ஜரைக் கழற்றி மாட்டியதும் வரிசை பழையபடி மாறியது, தேதியும் 2008-க்குத் திரும்பியது. இவ்விரண்டு குறிகளும் சேர்ந்து தெரிந்தால், பயாஸின் அமைப்புகளைக் காத்துவரும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். தேதி பின்தங்கியிருப்பது வெறும் கடிகாரக் குறையும் அன்று: தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களும், டெபியன் களஞ்சியத்தின் கையொப்பங்களும் இன்னும் நடைமுறைக்கு வராதவையாகக் கருதப்பட்டு நிராகரிக்கப்படும்.

அது சிஆர்2032 வகை, 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் என்றாலும், மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டு கம்பிகளும் ஒரு சிறிய இணைப்பானும் சேர்ந்தே வரும். வெறும் பேட்டரியை வாங்கி வீட்டில் சூடு வைத்துப் பற்றவைப்பது ஆபத்து. வேலூரில் மடிக்கணினி பழுது பார்க்கும் கடை ஒன்றில் கம்பியோடு கிடைத்தது. சார்ஜரையும் பெரிய பேட்டரியையும் அகற்றிவிட்டு மூடியைத் திறந்தபோதே விசிறியில் அடைந்திருந்த தூசியையும் எடுத்துவிட்டேன்; வேலூர்க் கத்திரி வெயிலில் இது அவசியம்.

பெரிய பேட்டரியில் சார்ஜ் நிற்பதில்லை. ஆகவே பராமரிப்புக்காக மின்நிறுத்தம் அறிவிக்கப்படாத நாளாகப் பார்த்து, இன்வர்ட்டர் இணைப்பிலேயே நிறுவலைத் தொடங்கினேன். வரைகலை நிறுவியைத் தேர்ந்தால் தமிழிலேயே கேள்விகள் வருகின்றன. எழுத்து முறை நிறுவியில் தமிழ் இல்லை. கைபேசியின் இணையத்தை யுஎஸ்பி கம்பி வழியாகக் கொடுத்தேன். ஓரிடத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும்: பென் டிரைவை முதலிடத்தில் வைத்திருப்பதால், நிறுவி அதையே முதல் வட்டாகவும் உள் வட்டை இரண்டாவதாகவும் காட்டலாம். பகிர்வு செய்யும்போதும், கிரப் தொடக்க நிரலை எங்கே எழுதுவது என்று கேட்கும்போதும், பெயரைப் பார்க்காமல் ஜிபி அளவைப் பார்த்தே உள் வட்டைத் தேர்ந்தெடுத்தேன். இடமாற்று நினைவகத்துக்கு (நினைவகம் நிறைந்தால் பயன்படும் வட்டு இடம்) 2 ஜிபி ஒதுக்கி, மேசைச் சூழலாக இலகுவான எல்எக்ஸ்டிஇ-ஐ வைத்தேன்.

தமிழுக்கு லோஹித் எழுத்துருவையும் தட்டச்சுக்கு ஐபஸ் உள்ளீட்டு முறையோடு, பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் சேர்த்தேன். அதில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதன் மேல் புள்ளி தானே விழும் என்பதால், 'பக்கம்' என்பதில் வரும் 'க்க'-வை அடிக்கப் புள்ளி விசையைத் தேட வேண்டியதில்லை.

இப்போது கணக்குத் தாள் மென்பொருளான லிப்ரேஆபிஸ் கால்க் நிதானமாகத் திறந்து, திறந்த பின் தடையின்றி வேலை செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் ஒரு பக்கம் வரை சமாளிக்கிறது, காணொளி திக்குகிறது. இந்த இயந்திரம் ஏற்கும் உச்ச நினைவகம் 2 ஜிபி. டிடிஆர்2 வகை இன்று பெரும்பாலும் பயன்படுத்திய சரக்காகவே கிடைப்பதால், அடுத்து சென்னைக்குப் போகும்போது ரிச்சி தெருவில் 200 பின் கொண்ட மடிக்கணினித் துண்டு ஒன்றைத் தேட வேண்டும். அதைப் பொருத்திய பின் ஃபயர்ஃபாக்ஸை மறுபடியும் சோதித்துப் பார்ப்பேன்.