கிரீன் கார்டு ஃபைலும் பெரியம்மாவின் கையெழுத்தும்

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் ஒரு நாளாவது பல்கலைநகர் பக்கம் போய்விடுவேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில்தான் முனைவர் பட்டம் முடித்தேன். இந்த முறை வாசல் டீக்கடையில் இரண்டு ஜூனியர்கள் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் போஸ்ட்டாக்கில் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) சேர அமெரிக்கா கிளம்புகிறவர்கள். "அண்ணே, கிரீன் கார்டுக்கு எத்தனை பேப்பர் இருந்தா போதும்?"

நானும் 2018இல் கிளம்பும்போது இதையேதான் கேட்டேன். இத்தனை பேப்பர் (ஆராய்ச்சிக் கட்டுரை), இத்தனை சைட்டேஷன் (பிறர் நம்மை மேற்கோள் காட்டியது) என்று விதியில் எங்கும் எழுதவில்லை. ஃபைலைப் பிரிக்கும் அதிகாரி நம் துறைக்காரர் அல்ல. நம் வேலையால் யாருக்கு என்ன ஆனது என்பதை அவர் காகிதத்திலிருந்தே புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இது உறைக்க மூன்று வருடமும் ஒரு ஆர்.எஃப்.இ.யும் (கூடுதல் ஆதாரம் கேட்டு வரும் கடிதம்) ஆயிற்று.

முதலில் வழிகள். முதலாளி தயவில்லாமல் ஆராய்ச்சியாளர் தானே போட்டுக்கொள்ளக்கூடியவை இரண்டு: இபி-2 பிரிவில் வரும் என்.ஐ.டபிள்யூ. (தேச நலன் கருதி வேலை வாய்ப்புக் கடிதம் கேட்காமல் விடுவது), அப்புறம் இபி-1 பிரிவில் வரும் இபி-1ஏ (அசாதாரணத் திறமையாளர்களுக்கானது). இரண்டுக்கும் ஐ-140 என்ற மனுப் படிவம்தான். என்.ஐ.டபிள்யூ. ஓரளவு எளிது. ஆனால் வருடாந்தர ஒதுக்கீட்டில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2 வரிசை பத்து வருடத்துக்கும் மேல் நீள்கிறது. குடியுரிமையை மாற்றிக்கொண்டாலும் பிறந்த நாடுதான் கணக்கு. (மனைவியோ கணவரோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டு வரிசையில் நிற்கலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை எங்கே, என் மனைவி திருமங்கலம்.) இபி-1 வரிசை அவ்வளவு மோசமில்லை.

அப்படியானால் என்.ஐ.டபிள்யூ. வீணா என்றால், இல்லை. அது அங்கீகரிக்கப்பட்டால், மனுப் போட்ட தேதி நமக்கென்று நின்றுவிடும், வரிசையில் நம் இடம் அந்தத் தேதியை வைத்துத்தான். பிற்பாடு இபி-1ஏ கிடைக்கும்போது அந்தப் பழைய தேதியை அங்கே எடுத்துக்கொண்டு போகலாம். 2021இல் போட்ட என்.ஐ.டபிள்யூ. தேதிதான் 2024இல் எனக்குக் கைகொடுத்தது. முழுத் தகுதி வரட்டும் என்று காத்திருந்தால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள்.

என்.ஐ.டபிள்யூ.வுக்கு இப்போது அடிப்படை 2016 டிசம்பரில் வந்த தனசார் தீர்ப்பு. அதில் மூன்று கேள்விகள். நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு மதிப்பும் தேசிய அளவில் முக்கியத்துவமும் உண்டா? அதைக் கொண்டுபோகும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா? வேலை வாய்ப்புக் கடிதம் கேட்காமல் விடுவதால் நாட்டுக்கு நன்மையா? மனுதாரர் தனசார் விண்வெளிப் பொறியியல் ஆராய்ச்சியாளர், கற்பிக்கவும் விரும்பியவர். ஆராய்ச்சியை ஏற்றார்கள், கற்பித்தல் நல்ல காரியம்தான், ஆனால் அதன் தாக்கம் தேசிய அளவுக்கு எட்டும் என்று காட்டப்படவில்லை என்றார்கள். வாத்தியார் வேலையையும் சேர்த்து எழுதினால் கனம் கூடும் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

நான் எங்கே சறுக்கினேன் என்றும் சொல்கிறேன். என் துறை ஆண்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியா. அமெரிக்காவில் ஆண்டுக்கு 28 லட்சத்துக்கும் அதிகமான தொற்றுகள், 35 ஆயிரத்துக்கும் அதிகமான மரணங்கள் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் 2019 அறிக்கை சொல்கிறது. முதல் வரைவில் இதைப் பெரிதாகப் போட்டு இரண்டு பக்கம் அளந்திருந்தேன். படித்த வழக்கறிஞர் ஒரே கேள்வி கேட்டார்: "பிரச்சினை பெரிசுதான். அதுல உங்க பங்கு என்ன?" துறை பெரியது என்பதால் நம் வேலை பெரியதாகிவிடாது. 'ஆண்டிபயாட்டிக் எதிர்ப்பு பற்றி ஆராய்வேன்' என்பதை அடித்துவிட்டு, கழிவுநீரில் எதிர்ப்பு மரபணுக்களைக் குறைந்த செலவில் கண்டுபிடிக்கும் முறை, அது எந்த வகை ஆய்வகங்களுக்கு, எப்படிப் போய்ச் சேரும் என்று எழுதினேன். வரைவு பாதியாகச் சுருங்கியது, வலுவும் கூடியது.

இபி-1ஏ.வுக்குப் பத்து அளவுகோல்கள், குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துபவை கட்டுரைகள், பிறர் கட்டுரைகளை மதிப்பிட்டது, துறைக்குச் செய்த முக்கியமான சொந்தப் பங்களிப்பு. மூன்றைத் தொட்டதும் முடிந்துவிடாது. மொத்தமாகப் பார்த்து, இவர் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவரா என்று தனியாக எடைபோடுவார்கள். ரிவ்யூ செய்ய வந்த அழைப்பு மட்டும் போதாது, செய்து முடித்ததற்கு எடிட்டரின் மெயில் வேண்டும். அந்த மெயில்களுக்கு இன்றைக்கே ஒரு ஃபோல்டர் போடுங்கள். காசு கட்டினால் கிடைக்கும் சங்க உறுப்பினர் பதவியும் 'சர்வதேச விருதும்' குப்பை.

என் மனு தடுமாறியது பரிந்துரைக் கடிதங்களில்தான். கடிதம் தர ஒப்புக்கொண்ட ஆறு பேருக்கும் நானே வரைவு அனுப்பினேன், பலரும் செய்வதுதான். சோம்பேறித்தனத்தில் ஒரே வாக்கியம் மூன்று கடிதங்களில் அப்படியே போய்விட்டது. ஆர்.எஃப்.இ.யில் அதைக் குறிப்பிட்டே கேட்டிருந்தார்கள். பதிலுக்கு அதிகபட்சம் 84 நாள். முகம் பார்த்திராத ஒருவருக்கு எழுதினேன். ஒரு மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் என் முறையைப் பயன்படுத்துகிறவர். ஒரு பக்கக் கடிதம் வந்தது. என் பெருமை ஒரு வரிகூட இல்லை. முன்பு ஒரு மாதிரிக்கு எத்தனை நாள் ஆனது, இப்போது எத்தனை நாள், அவ்வளவுதான். கைடு எழுதிய நாலு பக்கத்தைவிட அது பேசியது. கூடவே, என் கட்டுரையைப் பயன்படுத்திய பிறருடைய கட்டுரைகளில் ஐந்தை எடுத்து, அந்தந்தப் பத்தியை மஞ்சள் அடித்து வைத்தேன்.

அப்புறம் பெயர். எனக்கு இன்ஷியல் மட்டும்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அதை விரித்ததும் அப்பா பெயர் சர்நேம் ஆனது. மதுரையில் எழுதிய பேப்பர்கள் என் பெயரில், அமெரிக்காவில் எழுதியவை அப்பா பெயரில். எட்டாம் வகுப்போடு நின்ற மனிதரை உலகமெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவருக்குச் சந்தோஷம்தான், எனக்குத்தான் இருவரும் ஒருவரே என்று விளக்கம் எழுதும் வேலை. கிளம்புவதற்கு முன்பே ஆர்க்கிட் (ORCID) என்ற ஆராய்ச்சியாளர் அடையாள எண் வாங்கி எல்லாப் பேப்பரையும் அதில் கட்டிவிடுங்கள்.

கடைசிக் கட்டத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொடுத்ததில் 'ஆண்' என்று மட்டும் இருந்தது, பெயர்க் கட்டம் காலி. பெயர் சேர்க்க எழுதிக் கொடுத்துவிட்டு, துணைக்குப் பள்ளிச் சான்றிதழும், நான் பிறந்தபோது உடனிருந்த பெரியம்மாவின் உறுதிமொழிப் பத்திரமும் தயார் செய்தேன். கோர்ட் பக்கம் டைப் அடிக்க உட்கார்ந்தபோது பெரியம்மா, "அன்னிக்கு அடைமழைன்னு போடுப்பா, அப்பத்தான் நம்புவாக" என்று விடவே இல்லை. டைப்பிஸ்ட் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். ஆனால் பெரியம்மா சொன்னதில் அர்த்தம் இருக்கிறது: நேரில் அறிந்தவர், எப்படி அறிந்தார் என்று சொல்ல வேண்டும். மழையைச் சேர்க்கவில்லை, 'பிரசவத்தின்போது உடனிருந்தேன்' என்று சேர்த்தோம்.

தமிழ்ச் சான்றிதழின் மொழிபெயர்ப்புக்கு நோட்டரி முத்திரை கட்டாயமில்லை. மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முத்திரைக்குக் காசு கொடுத்துவிட்டு இந்த வரியை விட்டவர்கள் நிறைய.

டீக்கடையில் பேசிய அன்றிரவே அந்தத் தம்பிகளில் ஒருவன் வாட்ஸ்அப்பில் தன் சான்றிதழின் படம் அனுப்பினான். பெயர் இருக்கிறது, அப்பாவின் இன்ஷியல்தான் பாஸ்போர்ட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. டிக்கெட் இருபதாம் தேதிக்காம். முதலில் அதைச் சரிபண்ணுடா, பேப்பர் கணக்கை அங்கே போய்ப் பார்த்துக்கலாம் என்று பதில் போட்டேன்.