ஸ்பேஸ் பாரால் எழுதிய நாவல்

"படிக்கிறவர் கொஞ்சம் கஷ்டப்படட்டும் என்கிறீர்கள். அப்போ நீங்களும் இந்தக் கொம்பியூட்டரைக் கொஞ்சம் கஷ்டப்பட்டுப் பழகலாம்தானே, சேர்?" என்று, தன் பரிசோதனை நாவலைப் பக்கம் வடிவமைக்க என்னிடம் கொண்டுவந்த ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன். கேட்டது நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்ன பதில் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

வெள்ளவத்தையில் பக்க வடிவமைப்புச் செய்கிறவர்களுக்கு இந்தத் தலையிடி பழக்கம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பிரதியை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினால் எழுத்துகளின் அகலம் மாறும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி ஒதுக்கிய இடமெல்லாம் குலையும். இவருடைய நாவலிலோ அந்த வெற்றிடம்தான் விஷயமே. தாய் பேசுவது இடப்பக்கம், மகன் சொல்லாமல் விழுங்குவது வலப்பக்க ஓரம். மாற்றிய கோப்பில் இருவரும் ஒரே வரியில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்ர கதையை உடைச்சுப்போட்டீர் தம்பி" என்றார். உடைத்தது நான் இல்லை. ஸ்பேஸுக்குப் பதிலாக, சொல்லைக் குறித்த இடத்தில் நிறுத்தும் டெப் வைப்பது எப்படி என்று காட்டினேன், தலையாட்டினார். அடுத்த முறை கொண்டுவந்த பென் டிரைவிலும் ஸ்பேஸ்தான்.

பரிசோதனை நாவல்கள் எனக்குப் பிடிக்காமலில்லை. அவர் அடிக்கடி சொல்லும் ஆங்கில எழுத்தாளர் பி. எஸ். ஜோன்சனின் 1969ஆம் ஆண்டு நாவல், 27 பகுதிகளாக ஒரு பெட்டிக்குள் வந்தது. முதலும் கடைசியும் மட்டும் குறித்திருக்கும். நடுவில் உள்ள 25ஐயும் எந்த வரிசையிலும் படிக்கலாம். புற்றுநோயில் இறந்த நண்பனின் நினைவுகள் வரிசையாக வருவதில்லை, அதற்காகத்தான் அந்த வடிவம். அங்கே கஷ்டத்துக்குக் காரணம் இருக்கிறது. வித்தை காட்டுவதற்காகவே பக்கத்தைக் குலைக்கிற புத்தகங்களை நான் பாதியில் வைத்துவிடுவேன். சேருடைய ஓரச் சொற்களுக்கும் காரணம் இருக்கிறது. மகன் வாயே திறக்காத அத்தியாயத்தை வேலையை நிறுத்திவிட்டு வாசித்தேன். எரிச்சல் கூடியதும் அதனால்தானோ என்னவோ.

அவர் சொன்ன பதில் இதுதான்: "பிடிக்காட்டிப் புத்தகத்தை மூடி வைக்கலாம் தம்பி. இந்தக் கொம்பியூட்டரை மூடினா என்ர கதையும் உள்ளுக்கை போயிடும்."

உண்மைதான், வாசகருக்கு இருக்கிற தெரிவு அவருக்கு இல்லை. ஆனால் எனக்கும்தான் இல்லையே. அச்சுக்குப் போகவேண்டிய தேதி என் தலையில். ஒவ்வொரு சொல்லாக நகர்த்திக்கொண்டிருப்பதும் நான்தான். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகப் படிப்பித்தவர் அவர் என்பதும் உறுத்துகிறது. சொல்லிக்கொடுப்பதைவிட நானே செய்துகொடுப்பது சுலபம். அப்படிச் செய்தால் அடுத்த புத்தகத்துக்கும் அவர் யாரையாவது கெஞ்ச வேண்டிவரும். அதை உதவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாளைக்கு வருகிறார். டெப்பை மறுபடி காட்டுவதா, மிச்சத்தையும் நானே நகர்த்திவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.