கார் இருந்தும் சைக்கிள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். நன்றாகவே ஓட்டுவேன். வீட்டில் கார் ஒன்றும் நிற்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் சைக்கிளில் அலுவலகம் போவதைப் பார்ப்பவர்கள் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்று, கையில் காசில்லை. இல்லாவிட்டால் டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் போய், "சார், சுகர் எவ்வளவு இருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

சுகர் இல்லை. சுற்றுச்சூழலுக்காக என்று சொல்லலாம். சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். அந்த மரியாதையை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் காலையில் நான் சைக்கிளை வெளியே எடுக்கும்போது பூமியைப் பற்றி யோசிப்பதில்லை. கணக்கெழுதுவது என் தொழில். என் காரணங்களும் கணக்குப் பார்த்து வந்தவைதான், பெரும்பாலும் சுயநலம்.

முதலில் நேரம். வீட்டிலிருந்து அலுவலகம் ஆறு கிலோமீட்டர். சைக்கிளில் 22, 23 நிமிடம் ஆகும். எதிர்க்காற்று அடித்தால் 26. காரில் சாலை காலியாக இருந்தால் 12 நிமிடம்தான். இந்த 12 நிமிடத்தைத்தான் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் வந்த நேரத்தை வைத்துக்கொண்டு வாரம் முழுவதும் திட்டம் போடுகிறார்கள். வேலை நாளில் அதே தூரம் 20 ஆகலாம், 45 ஆகலாம், அதற்குமேல் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும். ஒன்பதரை மணிக்கு நான் நாற்காலியில் இருந்தாக வேண்டும் என்றால் சராசரி நேரம் எனக்கு எந்த விதத்திலும் உதவாது. மோசமான நாளில் எவ்வளவு ஆகும் என்பதை வைத்துத்தான் கிளம்ப முடியும். அந்தக் கணக்கில் கார் 45 நிமிட வண்டி, சைக்கிள் 26 நிமிட வண்டி. முன்னால் எல்லாம் அடைத்துக்கொண்டு நின்றால் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். அந்த நிமிடமே நான் பாதசாரி. காரிலிருந்து இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு போக வழியில்லை.

இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1970களில் இதைவிடப் பெரிய கணக்கு ஒன்றைப் போட்டார். அன்றைய அமெரிக்க ஆண் ஒருவர் தன் காருக்காக ஆண்டுக்கு 1,600 மணி நேரத்துக்கு மேல் கொடுக்கிறார் என்றார். ஓட்டும் நேரம், நெரிசலில் நிற்கும் நேரம், இடம் தேடும் நேரம் மட்டுமல்லாமல், தவணை, பெட்ரோல், காப்பீடு, வரி, அபராதம் எல்லாவற்றையும் கட்டச் சம்பாதிக்கும் நேரமும் இதில் சேர்த்தி. அத்தனையும் கொடுத்து அவர் போகும் தூரம் 7,500 மைல். வகுத்தால் மணிக்கு ஐந்து மைல்கூட வரவில்லை, அதாவது 8 கிலோமீட்டருக்கும் கீழே. மெதுவோட்டம் ஓடுபவர் முந்திவிடுவார். கணக்காளனாக எனக்கு இதில் ஆட்சேபங்கள் உண்டு. சம்பளம் கூடினால் வேகமும் கூடிவிடுகிறது, கூட உட்கார்ந்து வரும் மூன்று பேரின் பயணத்துக்கு வரவு வைக்கப்படவில்லை. ஆனாலும் செலவை நேரமாக மாற்றிப் பார்க்கும் அந்த முறை பிடித்துப்போய், என் காருக்கும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். தொகையை இங்கே சொல்லப் போவதில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. சைக்கிளுக்குப் போட்டபோது மணிக்கு 16 கிலோமீட்டர் என்பது 15 ஆகக் குறைந்தது, அவ்வளவுதான்.

நேரக் கணக்கை யார் கேட்டாலும் சொல்வேன். அடுத்த காரணத்தை வெளியில் அதிகம் சொன்னதில்லை.

கார் ஓட்டும்போது எனக்குப் பயமாக இருக்கும். எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் கிடையாது. சீட் பெல்ட் இருக்கிறது, காற்றுப்பை இருக்கிறது, சுற்றிலும் இரும்பு இருக்கிறது. என்னால் வேறு யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான் அந்தப் பயம். 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் ஏறக்குறைய 1,25,000 ஜூல் ஆற்றல் இருக்கிறது. நானும் சைக்கிளும் பையும் சேர்ந்து 85 கிலோ. மணிக்கு 18 கிலோமீட்டரில் போனால் சுமார் 1,060 ஜூல். பள்ளிக்கூடத்தில் படித்த அதே சூத்திரம்தான், எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் வருகிறது. கடிவாளம் என் கையில்தான் இருக்கிறது என்று எவ்வளவு சொல்லிக்கொண்டாலும், ஒரு தும்மல் வந்தால் ஒரு விநாடி போய்விடும். அந்த ஒரு விநாடியில் கார் 14 மீட்டர் ஓடியிருக்கும். சைக்கிள் 5 மீட்டர்.

இத்தனைக்கும் நான் கவனமான ஓட்டுநர். கவனமாக இருப்பதாலேயே களைத்துப்போவேன். தெருமுனையில் பந்து உருண்டு வருகிறதா, நிற்கும் வண்டிக்குப் பின்னாலிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்து, அலுவலகம் போய்ச் சேரும்போது கழுத்து இறுகியிருக்கும். நாள் முழுவதும் எண்களைச் சரிபார்ப்பவனுக்கு, வேலை தொடங்கும் முன்பே கவனத்தில் பாதி செலவாகிவிடுகிறது. சைக்கிளிலும் கவனம் வேண்டும், நடந்து போகும் ஒரு முதியவரை இடித்துத் தள்ளினால் அதுவும் சின்ன விஷயமில்லை. ஆனால் என் தவறின் அளவு என் உடம்பின் அளவுக்குள் இருக்கிறது. பெரும்பாலும் அடி முதலில் எனக்கு விழும். இது விசித்திரமான ஆறுதல் என்று என் மகள் சொல்கிறாள். "அப்பா, அப்போ மத்தவங்க கார் உங்க மேல மோதினா பரவாயில்லையா?" என்று கேட்டாள். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லையே.

அதற்கு வருகிறேன். சைக்கிளில் போவது ஆபத்தே இல்லை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. என்னை அதிகம் உஷார்ப்படுத்துவது ஓரமாக நிறுத்தியிருக்கும் கார்கள்தான். பின்னால் பார்க்காமல் யாராவது கதவைத் திறந்தால் தப்பிக்க நேரமே இருக்காது. அதனால் நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவு அகலத்துக்கு மேல் தள்ளித்தான் போவேன், பின்னால் வருபவர் ஹாரன் அடித்தாலும் சரி. கார் ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கதவை அதற்குப் பக்கத்தில் இருக்கும் கையால் திறக்காமல் தூரத்துக் கையை நீட்டித் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும். நெதர்லாந்தில் ஓட்டுநர்களுக்கு இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். அப்புறம் லாரி. திரும்பப் போகும் லாரியின் பக்கவாட்டில் போய் நிற்கவே கூடாது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அந்த இடம் தெரியாது. கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை என்றால் நான் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். மழையில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கத் தொடங்கும், அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே அழுத்துவேன். இரவில் கணுக்காலில் ஒளிரும் பட்டை. மேலும் கீழும் ஆடும் வெளிச்சத்தைப் பார்த்தால் அது மனிதன் என்று தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காரில் ஏதாவது கோளாறு என்றால் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். என்ன கோளாறு என்று அது சொல்லாது. மெக்கானிக் ஒரு கருவியைச் செருகிப் படித்துப் பார்த்து ஏதோ ஒரு சென்சார் பெயரைச் சொல்வார். நான் தலையாட்டுவேன். அவர் சொல்வது உண்மையா என்று சரிபார்க்க என்னிடம் எதுவும் கிடையாது. கணக்கு எழுதுபவனுக்கு இதைவிட அவமானம் வேறில்லை. ரசீதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது அது.

சைக்கிளில் மறைவாக எதுவுமில்லை. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிளின் படத்தைப் பார்த்தால், இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில், செயின் பின்சக்கரத்தைச் சுழற்ற, இன்று தெருவில் போகும் வண்டியின் அண்ணன் என்று உடனே தெரிந்துவிடும். மூன்று வருடம் கழித்து டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு கியர், பிரேக், உலோகம் எல்லாம் மாறியிருக்கின்றன. ஆனால் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்பது மட்டும் மாறவில்லை. சத்தம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, சும்மா உருளும்போதும் வருகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பஞ்சர் ஒட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு மாதிரி ஆகிவிட்டது. டயரை நெம்பி ட்யூபை உருவி, கொஞ்சம் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே வந்தால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிவிட்டு உடனே ஒட்டக்கூடாது. பசை மினுமினுப்பு போய் வறளும் வரை காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் ஒட்டும் ஒட்டு இங்கேதான் கழன்றுவருகிறது. ட்யூபைத் திரும்பப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும், முள் இன்னும் அங்கேயே இருக்கலாம். செயினுக்கு ஒரு ஸ்கேல் போதும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். தேயத் தேய நீளும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டால் மாற்றிவிட வேண்டும், விட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். சக்கரத்தில் கோட்டம் எடுப்பது மட்டும் இன்னும் எனக்குக் கைவரவில்லை, அதற்குக் கடைக்குத்தான் போகிறேன். இரண்டு மில்லிமீட்டர் கம்பிகளை எல்லாப் பக்கமும் இழுத்துக் கட்டிவைத்ததால்தான் அந்தச் சக்கரம் என்னைச் சுமக்கிறது என்பதை அங்கே உட்கார்ந்து பார்க்கப் பிடிக்கும். தனியாக எடுத்தால் விரலால் வளைத்துவிடக்கூடிய கம்பிகள்.

ஆரோக்கியத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் சிலர் விடமாட்டார்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக வர எனக்கு அது தானாக நடந்துவிடுகிறது, ஜிம்முக்குப் போகும் நேரம் மிச்சம். எடை குறைந்ததா என்று கேட்காதீர்கள். பசி நன்றாக எடுக்கிறது.

புகையைப் பற்றியும் ஒரு வரி. காரின் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி நன்றாகச் சூடேறிய பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் முதல் சில கிலோமீட்டர்களில்தான் கிலோமீட்டருக்கு அதிக நச்சு வெளியேறுகிறது. ஆக, பக்கத்தில்தானே என்று காரை எடுக்கும் பயணங்கள்தான் மிக மோசமானவை. முன்னூறு கிலோமீட்டர் போகிறவரை நான் குறை சொல்லமாட்டேன்.

நானும் காரை எடுப்பேன். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது, நான்கு பேரும் மூட்டை முடிச்சுமாகக் கிளம்பும்போது, கனமழையில் இரவுப் பயணம் இருக்கும்போது யோசிக்காமல் சாவியை எடுப்பேன். வேறு வழியே இல்லாமல் சைக்கிள் மிதிப்பவர்களிடம் போய் இதையெல்லாம் பேசும் அசட்டுத்தனமும் எனக்கு இல்லை. பூட்டிய கார் வீட்டில் நிற்கும்போது சைக்கிள் மிதிப்பது ஒரு வசதி.

இப்போது அலுவலகத்தில் புது விவாதம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். மின்சார சைக்கிள் வாங்குவேன் என்றேன். "அது ஏமாத்து வேலை சார். அதுக்கு ஸ்கூட்டரே வாங்கிடலாமே" என்றார் சுகர் விசாரித்த அதே நண்பர். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 250 வாட் மோட்டார், மிதித்தால்தான் உதவும், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி நின்றுவிடும், அது போதும் எனக்கு என்று விளக்கினேன். 25 கிலோமீட்டர் வேகத்தில் என்னிடம் இருக்கும் ஆற்றல் எவ்வளவு என்றுகூடக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டு, மோட்டார் மோட்டார்தான் என்கிறார். முழங்கால் இன்னும் நன்றாக இருப்பதால் இந்த வழக்கை முடிக்க இரண்டு பேருக்குமே அவசரமில்லை.