கீழே கடை, மேலே கச்சேரி

பாலக்காட்டில் எங்கள் தமிழ் மன்றத்தின் பழைய ஓட்டுக் கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானதும், கட்டிடக் கமிட்டியில் என்னையும் போட்டார்கள். 16 சென்ட் இடம். வாடகை வரக் கீழே கடைகள், மேலே நூலகம், பாட்டு வகுப்பு, அரங்கு. முதல் மூன்று கூட்டமும் முகப்பில் கோபுரம் வைப்பதா, கல்பாத்தி அக்ரகார வீடுகள் மாதிரித் திண்ணை வைப்பதா என்ற சண்டையிலேயே போயிற்று. எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆர்க்கிடெக்ட் பெண், "மாஷே, அரங்குக்கு நடுவில தூண் வந்தா பரவாயில்லையா?" என்றாள்.

நாங்கள் வாயடைத்துப் போனோம். கடைகளுக்கு நாலு மீட்டருக்கு ஒரு தூண் இருந்தால் செலவு குறைவு. அரங்கிலோ 12 மீட்டர் அகலத்துக்கு ஒன்றுகூட நிற்கக் கூடாது. வயசானவர்கள் ஏறச் சிரமம் என்று அரங்கை முதல் மாடியில் கேட்டிருந்தோம். அப்படியானால் அதற்கு மேல் வரும் நூலகத்தின் புத்தகப் பாரமெல்லாம் 12 மீட்டர் உத்தரத்தின் தலையில். அந்த உத்தரமே ஒரு மீட்டர் உயரத்துக்கு வரும் என்றாள். அதனால் அரங்கு உச்சிக்குப் போனது. நடுத்தூண்கள் அதற்குக் கீழேயே நின்றுவிட்டன. கூரைக்கு, நடுவில் தூண் இல்லாமல் தாங்கும் இரும்புச் சட்டமான ட்ரஸ், அதன் மேல் ஷீட். லிஃப்ட் செலவு எங்கள் தலையில்.

ட்ரஸ் என்றதும் எனக்கு ஆடி மழை ஞாபகம் வந்தது. கணவாய்க் காற்றோடு மழை ஷீட்டில் அறைந்தால் வயலின் எங்கே கேட்கும்? ஷீட்டுக்கு மேல் இடித்த கட்டிடத்தின் ஓடு, அடியில் சத்தத்தை உறிஞ்சும் ராக்வூல் என்று முடிவாயிற்று. இந்த ஒன்றில் மட்டும் என் பேச்சு எடுபட்டது.

படிக்கட்டில்தான் மாட்டிக்கொண்டோம். தேசியக் கட்டிட விதித் தொகுப்பு 2016 கணக்கில், நாற்காலி நிலையாக இல்லாத நெருக்கமான கூடத்துக்கு ஆளுக்கு 0.65 சதுர மீட்டர். எங்கள் 130 சதுர மீட்டர் கூடத்துக்கு 200 பேர். அத்தனை பேரும் கடைகளுக்கு நடுவே ஒரே படியில் இறங்குவதாக வரைய வைத்தது நாங்கள்தான். பிளான் திரும்பி வந்தது. 2 மீட்டர் அகலத்தில் தனித்தனியாக இரண்டு படி வைத்ததில் ஒரு கடை போயிற்று. பொருளாளர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

மறுபடி கேரள உள்ளாட்சிகளின் ஆன்லைன் தளமான கே-ஸ்மார்ட்டில் ஏற்றி, பெர்மிட்டும் வந்தது. கமிட்டிக்கு லட்டு கொடுக்கும்போது சமையல்கார அம்மா கேட்டார்: "200 பேர் செருப்பையும் எங்கே விடுவாங்க?"

ஆர்க்கிடெக்ட் லட்டை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.