ஒரு கிரவுண்டு நூறு கிரவுண்டு ஆன கதை

பிளான் அப்ரூவலுக்கான ஆன்லைன் விண்ணப்பத்தை வடிவமைக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தபோது நான் செய்த முதல் தப்பு, விதிப் புத்தகத்தில் தொடங்கியது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. சாலை அகலத்துக்கு ஏற்ப முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும், மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம், வண்டி நிறுத்த எவ்வளவு என எல்லாம் அதில் இருக்கிறது. எந்தக் கேள்விக்கு அப்புறம் எது என்று இரண்டு வாரம் சுவர் நிறைய மஞ்சள் தாள் ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சோதித்துப் பார்க்க, தாலுகா ஆபீசுக்கு எதிரே இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் மூன்று நாள் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் தன் மொபைலில் தானே நிரப்புவார் என்ற நினைப்பில்தான் திரைகளை வரைந்திருந்தேன். வந்தவர்களில் ஒருவர்கூட கீபோர்டைத் தொடவில்லை. துணிப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்கள். டைப் செய்தது கடைத் தம்பி. வரைபடம் எஞ்சினியர் ஆபீசிலிருந்து பென்டிரைவில் வந்தது.

முதல் விண்ணப்பமே மாட்டிக்கொண்டது. கிரையப் பத்திரத்தில் 2400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு. பட்டாவில் இருப்பதோ ஹெக்டேர் - ஏர் கணக்கு: 0 - 2.23. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 1076 சதுர அடி. என் திரையில் ‘பரப்பு, ஹெக்டேரில்’ என்று ஒரே பெட்டிதான். தம்பி 2.23 என்று அடித்தான். ஒரு கிரவுண்டு நூறு கிரவுண்டாகி, கட்டணம் லட்சங்களில் வந்து நின்றது. பெரியவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, நான் வீடுதானே கட்டப் போறேன்?” என்றார்.

அன்று இரவே பெட்டியை இரண்டாகப் பிரித்தேன், பட்டாவில் இருப்பது போலவே. கீழே சதுர அடியும் சென்ட்டும் உடனே தெரியும்படி செய்தேன். ஹெக்டேரில் தப்பு இருந்தால் யாருக்கும் உறைக்காது. சதுர அடியில் சொன்னால் தன் மனை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்ததும் இந்தப் பெட்டியின் கனம் கூடிவிட்டது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, முன்கூட்டிய கள ஆய்வு இல்லாமல் உடனடி அனுமதி. நல்ல திட்டம். ஆனால் பத்திரத்தில் 2500, பட்டாவில் 2.33 ஏர் என்றிருந்தால்? கணக்குப் போட்டால் 2508 வருகிறது. அந்த எட்டு சதுர அடிக்காக ஒரு முழு மதியம் வாதாடினோம். கடைசியில் இரண்டு அளவையும் அருகருகே காட்டி, வேறுபாட்டைச் சிவப்பில் போட்டு, முடிவை எஞ்சினியரிடம் விட்டோம். எனக்கு இன்னும் அதில் திருப்தி இல்லை.

பெயர்ப் பிரச்சினை தனி. பட்டாவில் பெயரும் தகப்பனார் பெயரும், பத்திரத்தில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்கு வீடு கிடையாது. பொருத்தம் பார்ப்பதை எடுத்துவிட்டு, மூன்றையும் அதிகாரியின் கண்ணில் படும்படி ஒரே வரிசையில் வைத்தோம்.

ஆபீஸ் பக்கம் போராட்டம் வேறு மாதிரி. பழைய தாள் படிவத்தில் இருந்த ஒரு கேள்வியைக்கூட விடமாட்டேன் என்றார்கள். “இதை யார் பார்ப்பாங்க சார்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பதினொன்றுக்குப் பதில் இல்லை. நீக்கச் சம்மதித்தது நான்கு. நிராகரிக்கும்போது ‘ஆவணம் சரியில்லை’ என்று மட்டும் எழுத முடியாமல், எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று தேர்வு செய்ய வைத்ததற்கு முதலில் முணுமுணுப்பு. அப்புறம், அதையே கேட்டு வரும் போன் குறைந்ததும் அடங்கியது.

ஓடிபி மூன்று இடத்தில் இருந்ததைச் சமர்ப்பிக்கும்போது ஒரே ஒரு தடவை என்று ஆக்கினோம். கொஞ்ச நாள் கழித்து அதே கடைக்குப் போனேன். தம்பியின் நோட்டில் விண்ணப்ப எண்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி. அதில் ஒரு வரி: ‘ஓடிபி - மகன், துபாய். ராத்திரி 9க்கு மேல் கூப்பிடவும்.’