கங்கை தொடங்குற இடத்துக்கு ஒரு பயணம்

பெப்ரவரி 22, வியாழன், இரவு 10.40

நாளைக்குப் போயா, முழுநிலா நாள் விடுமுறை. சனி, ஞாயிறும் சேர்ந்தால் மூன்று நாள் லீவு. ஹோட்டன் சமவெளியில் ஒரு இரவு கூடாரம் அடித்துத் தங்குவது என்று நானும் மச்சானும் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தோம், இந்த முறைதான் முன்பதிவு சரிவந்தது. நான், மச்சான், தம்பி, மச்சானுடைய பழைய டொல்பின் வான். இதுதான் திட்டம்.

நேற்று இரவு சாப்பிடும்போது தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மகாவலி அங்கதானாம் தொடங்குது" என்று சொல்லிவிட்டான். அப்பா சோற்றுக் கையோடு நிமிர்ந்து, "அப்ப நானும் வாறன்" என்றார். வயது 67, முழங்கால் வலி, கண்டிக்கு மேலே போனதே கிடையாது. அம்மா ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்துப் பார்த்தா. பலனில்லை.

அப்பாவுக்கும் மகாவலிக்கும் உள்ள கணக்கு வேறு. எங்களுக்குக் கிளிவெட்டியில் வயல் இருந்தது. மாவிலாற்றால் வந்த தண்ணீர்தான், அதாவது மகாவலியின் வெருகல் கிளையில் இருந்து வருகிற தண்ணீர். 2006இல் புலிகள் மாவிலாறு அணைக்கதவைப் பூட்டியதில் இருந்து நடந்த சண்டையெல்லாம் ஊருக்கே தெரியும். நாங்கள் அதற்குப் பிறகுதான் திருகோணமலை டவுனுக்கு வந்தோம். அந்தக் கதையை அப்பா சொல்வதில்லை, ஆனால் மார்கழியில் மழை கொட்டினால் இப்போதும் "கங்கை எந்தளவில நிக்குது?" என்று யாரையாவது கோல் எடுத்துக் கேட்பார். எங்கள் ஆட்களுக்கு மகாவலி என்று பெயர் சொல்லத் தேவையில்லை, கங்கை என்றாலே அதுதான்.

அப்பாவின் பை: இரண்டு சாரம், ஒரு கம்பளிப் போர்வை, சித்தாலேப, கட்டசம்பல் ஒரு போத்தல், பாரைக் கருவாடு. கருவாட்டைப் பொலித்தீனில் சுற்றியிருந்தார். பொலித்தீனைப் பூங்காவுக்குள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னதும் பேப்பரில் சுற்றினார். இப்போது வான் முழுக்க மணக்குது.

பெப்ரவரி 23, வெள்ளி

விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டோம். கந்தளாய் தாண்டி இருட்டுக்குள்ளே றோட்டோரம் ஒரு தனியன் யானை. மச்சான் லைட்டைக் குறைத்துவிட்டு நிறுத்தினான், எங்களுக்குப் பின்னால் ஒரு மீன் லொறியும் நின்றது. கால் மணித்தியாலம் அது பாட்டுக்கு நின்று மரக்கொப்பை முறித்தது. அப்பா மட்டும்தான் நித்திரை.

தம்புள்ளையில் பாணும் பருப்பும். மாத்தளையில் பிளேன்ரீ. அப்புறம் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்தது, அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே போட்டார். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்க அடிக்க மச்சான் வானை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோனான்.

"இதானா?" என்றார் அப்பா. ஏமாற்றமா, சந்தோசமா என்று தெரியவில்லை. மூதூர்ப் பக்கம் மாரியில் கரை தெரியாமல் செம்மண் நிறத்தில் போகிறதைப் பார்த்தவருக்கு இது ஒரு அமைதியான, பச்சைத் தண்ணீர். கொஞ்சம் கீழேதான் பொல்கொல்ல அணைக்கட்டு இருக்கிறது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் அவர்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தார். 1976 முதல் பொல்கொல்லவில் ஒரு பங்கு தண்ணீரை மறித்துச் சுரங்கத்தால் மாத்தளைப் பக்கம் தள்ளுகிறார்கள், அது அம்பன் கங்கையில் சேருகிறது, அங்கிருந்து எலகெர வாய்க்காலால் மின்னேரியாக் குளம், கவுடுல்லக் குளம் என்று வந்து கந்தளாய்க் குளம் வரைக்கும் வருகிறது. "விடியக் கடந்து வந்தமே கந்தளாய், அதுக்குள்ளயும் இதான். எங்கட வீட்டுப் பைப்பில வாறதிலயும் இதான் கலந்திருக்கு." இவ்வளவு காலமும் இதை ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை மனுசன்.

கம்பளை, புசல்லாவை. றம்பொடை ஏற்றத்தில் வான் கொதித்தது. ஓரமாக நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டு, ஆளுக்கு ஒரு சோளம் சாப்பிட்டு முடிய முக்கால் மணித்தியாலம். கீழே கொத்மலை நீர்த்தேக்கம் முழுக்கத் தெரிந்தது. நுவரெலியாவில் கால் வைக்க இடமில்லை, லீவுக்குக் கொழும்பே ஏறி வந்திருக்கிறது. நல்லகாலம், தம்பியோடு கம்பஸில் படித்த பெடியன் ஒருவனின் வீடு நானுஓயாப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கிறது. அங்கே ராத் தங்கல். அவனுடைய அம்மா எங்கள் அப்பாவைப் பார்த்து, "கடலுக்கிட்ட இருந்து வந்திருக்கீங்க, எப்படிங்க ஐயா இந்தக் குளிரைத் தாங்குவீங்க?" என்று கேட்டா. அப்பா வீரமாக "இதெல்லாம் குளிரே?" என்றார். ஒன்பது மணிக்குப் பார்க்கிறேன், காதைச் சுற்றித் துவாய், மூக்கில் சித்தாலேப.

பெப்ரவரி 24, சனி

(ஃபோனில் அங்கேயே எழுதி வைத்தது. சிக்னல் கிடைத்தபிறகு போடுகிறேன்.)

அம்பேவெல தாண்டிப் பட்டிப்பொல. நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம், 1,891 மீற்றர். அங்கிருந்து இன்னும் ஏற்றம். கேற்றில் பையெல்லாம் திறந்து பார்த்தார்கள். பிஸ்கட் பக்கெற்றுகளைப் பிரித்துப் பேப்பர் பையில் கொட்டச் சொன்னார்கள், தண்ணீர்ப் போத்தலில் இருந்த லேபலைக்கூட உரித்து எடுத்தார்கள். கருவாட்டுப் பொதியைப் பிரித்த உத்தியோகத்தர் ஒரு நிமிடம் மோந்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பச் சுற்றித் தந்தார்.

உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. காடு சட்டென்று விலகிப் புல்வெளி விரிகிறது, மஞ்சளும் பழுப்புமாக, அலை எழும்பி அப்படியே நின்றுவிட்ட மாதிரி மேடு பள்ளமாக. 2,100 மீற்றருக்கு மேலே இப்படி ஒரு வெளி. சிங்களத்தில் மகா எலிய. 1830களில் ஆளுநராக இருந்த ஹோட்டனின் பெயரை வெள்ளைக்காரன் வைத்தான், அதுவே நிலைத்துவிட்டது. 1988இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். அப்பாவின் முதல் கேள்வி: "இவ்வளவு வெளி கிடக்கு, ஒருத்தரும் விதைக்கேல்லையோ?" விதைத்திருக்கிறார்கள் அப்பா, 60களில் இங்கே உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

கூடாரக் கதை பெரிய கதை. டவுனில் வாடகைக்கு எடுத்தது. நாலு பேருக்கானது என்று தந்த கூடாரத்துக்குள் தடி ஒன்று குறைவு. கிளம்ப முதல் ஒருக்கா விரித்துப் பார்த்திருக்க வேண்டும், எங்கள் பிழையும்தான். இங்கே ஒரு குச்சிகூட முறிக்கக் கூடாது. கடைசியில் அம்மா தந்துவிட்ட பெரிய குடையை விரித்து உள்ளே நடுவில் நட்டு, ஒரு மூலையைக் கயிற்றால் வான் கண்ணாடியில் கட்டினோம். தூரத்தில் இருந்து பார்க்கச் செத்த திருக்கை மீன் மாதிரி இருந்தது.

பின்னேரம் அப்பாவைக் காணவில்லை. தேடிப் போனால், கொஞ்சத் தூரத்தில் ஒரு ஓடைக்கரையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் கிடந்த கல்லில் பாசி ஆடுவது தெரிந்தது. தேத்தண்ணிச் சாயம் கலந்த மாதிரி ஒரு மெல்லிய பழுப்பு. ஓரத்தில் ஒடுங்கலான இடம் ஒன்று பார்த்து, முழங்கால் வலியையும் மறந்து, ஒரே எட்டில் அந்தப் பக்கம் தாண்டினார். திரும்பி இந்தப் பக்கம் தாண்டினார்.

"மகன், பாத்தியா? கங்கையை ஒரு எட்டில தாண்டிட்டன்."

எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற ஆறு. வெருகலில் எத்தனை வருடம் தோணியில் கடந்திருப்பார், வெள்ளத்தில் எத்தனை தடவை வேளாண்மையைக் கொடுத்திருப்பார். குனிந்து ஒரு போத்தல் நிரப்பினார், அம்மாவுக்குக் காட்ட.

அந்த நேரம் பார்த்து வனஜீவராசிகள் திணைக்களத்து ஆள் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், வயதானவர். அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மகாவலி, திருகோணமலை என்று கையை நீட்டி நீட்டி விளக்கினார். அவர் கேட்டு முடித்துவிட்டு, மிக மரியாதையாக, இது பெலிஹுல் ஓயா ஐயா என்றார். இது தெற்கே இறங்கி வளவ கங்கையில் சேர்ந்து அம்பலாந்தோட்டைக் கடலுக்குப் போகிறது. மகாவலிக்குப் போகிற தண்ணீர் அந்தச் சரிவால், அக்ரா ஓயாவாக இறங்கிக் கொத்மலைப் பக்கம் போகிறது. களனிக்குப் போவது இன்னொரு பக்கம். மேட்டைக் காட்டிக் கையைக் கத்தி மாதிரி வைத்து, இந்தப் பக்கம் விழுகிற மழை ஒரு கடலுக்கு, அந்தப் பக்கம் விழுகிற மழை இன்னொரு கடலுக்கு என்றார்.

தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். அப்பா போத்தலைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். அப்புறம் மூடியைத் திறந்து தண்ணீரைத் திரும்ப ஓடைக்குள்ளேயே ஊற்றினார். "அவங்கட தண்ணி எங்களுக்கு எதுக்கு."

இரவு. நேற்றுத்தான் போயா, நிலவு பகல் மாதிரி. காஸ் அடுப்பில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் மூச்சுச் சத்தம். திரும்பினால் ஒரு ஆண் மரை, கொம்போடு, பத்தடி தூரத்தில். ஈர மூக்கில் நிலவு பட்டுப் பளபளத்தது. நுவரெலியாவில் வாங்கிய கரட்டுப் பையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. தீனி போடக்கூடாது, அதனால் பையை வானுக்குள் எறிந்து கதவைச் சாத்தினேன். அது போகாமல் நின்று கதவைப் பார்த்தது. மச்சான் சொன்னான், "எங்கட கோணேசர் கோயில் மான்களுக்கு இதுகள் சொந்தம்தான்டா, அதே கள்ளப் பார்வை."

பெப்ரவரி 25, ஞாயிறு

இரண்டு மணிக்கு மேல் யாரும் நித்திரை கொள்ளவில்லை. ஃபோன் 4 பாகை காட்டியது. குடை சரிந்து தம்பியின் தலையில் விழுந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் புல் நுனியெல்லாம் வெள்ளை, உப்பு விளைந்த மாதிரி. அப்பா விரலால் வான் கண்ணாடியைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். ஐஸ்தான் என்று உறுதிப்படுத்தினார்.

உலக முடிவு என்கிற மலை விளிம்புக்கு ஆறு மணிக்கே நடக்கத் தொடங்கினோம். பத்து மணிக்குப் பிறகு போனால் புகார் மூடிவிடும், வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வரலாம். வழியில் பாசி பிடித்த மரம் ஒன்றில் மூக்கில் கொம்பு வைத்த ஓணான், சுண்டு விரல் நகம் அளவு வெள்ளைக் கொம்பு. ஐந்து நிமிடம் நின்று பார்த்தோம், அது கண்ணை மட்டும்தான் உருட்டியது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இது கிடையாது.

உலக முடிவில் நிலம் அறுந்துபோகிறது. கிட்டத்தட்ட 870 மீற்றர் கீழே தேயிலைத் தோட்டமும் பெட்டி பெட்டியாக லயங்களும். அங்கிருந்து யாரோ ஸ்பீக்கரில் போட்ட பாட்டு மேலே வந்தது. அப்பா விளிம்புக்குப் போகாமல் ஒரு பாறையில் இருந்துகொண்டார். தூரத்தில் வெள்ளித் தகடு மாதிரி ஒரு நீர்த்தேக்கம் மின்னியது, பக்கத்தில் நின்ற வழிகாட்டி உடவளவ என்றார்.

"நேற்று ஊத்தின தண்ணி அங்கதான் போகும், என்ன?" என்றார் அப்பா. பிறகு, "அங்கயும் வயல்தானே" என்றார்.

பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்க அப்பாவின் முழங்கால் விடவில்லை, நானும் அவரோடு மேலேயே நின்றுவிட்டேன். திரும்பி வரும் வழியில், பட்டிப்பொலப் பக்கம் இறங்கும்போது, மகாவலிக்குப் போகிற தண்ணீர் எந்தச் சரிவால் போகிறது என்று மச்சானிடம் நாலு தடவை கேட்டார். அந்தப் பக்கம் முழுக்கப் புகார். ஒன்றும் தெரியவில்லை.

பெப்ரவரி 29, வியாழன்

வந்து சேர்ந்த கதை எழுத ஒன்றுமில்லை. இறக்கத்தில் பிரேக் மணந்தது, இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டோம். கூடாரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது தடி ஒன்று குறைகிறது என்று எங்களிடமே காசு கேட்டார்கள். அரை மணித்தியாலம் வாக்குவாதம்.

இன்று பின்னேரம் மட்டிக்களித் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். உள்ளே அப்பா, சுற்றிவர நாலைந்து பேர், எல்லாரும் பழைய கிளிவெட்டி ஆட்கள். அப்பா எழும்பி நின்று சாரத்தை மடித்துக் கட்டி, கடைத் தரையில் ஒரு எட்டு வைத்துக் காட்டினார். "இவ்வளவுதான்டா கங்கை. ஒரே எட்டு."

என்னைக் கண்டதும் கொஞ்சம் நிறுத்தினார்.

நான் பிளேன்ரீ ஒன்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தேன்.