ஆறாவதா, ஏழாவதா?

தரைப்படையில் நான் துப்பாக்கியோடு நின்ற நாட்களைவிடத் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்த நாட்களே அதிகம். ஹவில்தார் கிளார்க்காக ஓய்வு பெறும்வரை என் வேலையில் பெரும்பகுதி 'பார்ட் டூ ஆர்டர்' தயாரிப்பதுதான். ஒரு சிப்பாய்க்குத் திருமணம் நடந்தாலும், குழந்தை பிறந்தாலும், நாயக்காகப் பதவி உயர்ந்தாலும், அந்த உத்தரவில் ஏறினால்தான் அலுவலகத்தைப் பொறுத்தவரை அது நடந்ததாகும். ஒருமுறை ஒரு சிப்பாயின் மனைவி பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டிவிட்டேன். அவர் இறந்தபின் அந்த அம்மாளுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றுபோயிற்று. இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று தாசில்தாரிடம் சான்று வாங்கி, அதை மஞ்சள் பையில் மடித்துக் கொண்டுவந்து என் மேசைமுன் நின்றார். அதன்பிறகு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் வழக்கம் எனக்கு ஏற்பட்டது.

அந்த வழக்கத்தோடுதான் ஓய்வுக்காலத்தில் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் தொகுப்பாளனாக நுழைந்தேன். முதலில் எடுத்துக்கொண்டது ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலத்தைப் பற்றிய கட்டுரை. குமாரமங்கலம் ஜமீன்தாரும், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவருமான ப. சுப்பராயனின் மகன் அவர். 1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை தரைப்படையின் தலைவராக இருந்தார். தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள் என்பதால், கட்டுரையில் ஜெனரலைவிட அவர்களைப் பற்றிய பத்திகளே நீளமாக இருந்தன. மீதி இடத்தை 'மாவீரர்', 'ஈடு இணையற்ற' போன்ற சொற்கள் அடைத்திருந்தன. அவற்றை நீக்குவது எளிதாக இருந்தது. பெயருக்குப் பின்னால் இருந்த 'அவர்கள்' என்ற சொல்லை எடுக்கத்தான் கை தயங்கியது. சுபேதாரையே சாகிப் என்று அழைத்துப் பழகியவன், ஒரு ஜெனரலின் பெயரை மொட்டையாக விடுவதா? கலைக்களஞ்சியத்தின் நடைவழக்கு அப்படி என்று இரண்டு முறை படித்த பிறகே நீக்கினேன்.

1965 போரை அவர் தலைமைத் தளபதியாக நடத்தினார் என்றும் ஒரு வரி இருந்தது. அப்போது தலைவராக இருந்தவர் ஜெனரல் சௌத்ரி, குமாரமங்கலம் துணைத்தலைவர். அவர் தலைவராக இருந்த காலத்தில் நடந்தது 1967இல் சீனப் படையோடு நாதுலா, சோலா கணவாய்களில் ஏற்பட்ட மோதல். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சிக்கல் வந்தது எண்ணில். கட்டுரையின் ஓரத்தில் உள்ள தகவல்பெட்டியில் அவர் 'ஏழாவது' தரைப்படைத் தலைவர் என்று இருந்ததை நான் அப்படியே விட்டிருந்தேன். கரியப்பா, ராஜேந்திரசிங்ஜி, ஸ்ரீநாகேஷ், திம்மய்யா, தாப்பர், சௌத்ரி என்று ஆறு விரலை மடக்கினால் அடுத்தவர் ஏழாவதுதானே. கல்லூரி மாணவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவர், "ஐயா, தாங்கள் எண்ணுவது ஆட்களையா, பதவியையா?" என்று உரையாடல் பக்கத்தில் கேட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் கேள்வி சரியானது. 1955 வரை அந்தப் பதவிக்குக் 'கமாண்டர் இன் சீஃப்' என்று பெயர். அந்த ஆண்டில்தான் அது 'சீஃப் ஆஃப் தி ஆர்மி ஸ்டாஃப்' ஆயிற்று. பெயர் மாறிய நாளில் நாற்காலியில் இருந்த ராஜேந்திரசிங்ஜியே பழைய பதவிக்குக் கடைசி ஆளும் புதிய பதவிக்கு முதல் ஆளும் ஆனார். கரியப்பாவிலிருந்து தொடங்கினால் குமாரமங்கலம் ஏழாவது. புதிய பதவியை மட்டும் எண்ணினால் ஆறாவது. இரண்டு எண்ணையும், எண்ணும் முறையையும் சேர்த்து எழுதிவிட்டு, பெட்டியிலிருந்து எண்ணை எடுத்துவிட்டோம்.

இந்தக் குழப்பத்துக்குத் தமிழும் ஓரளவு காரணம் என்பது என் எண்ணம். பிரிகேடை நடத்துபவரும் தளபதி, அதைவிடப் பெரிய 'கோர்' பிரிவை நடத்துபவரும் தளபதி, படை முழுவதற்கும் தலைவரும் தளபதி. அரசமைப்பின் 53ஆம் பிரிவின்படி முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. அதனால் அவரை முப்படைகளின் தலைமைத் தளபதி என்கிறோம். 2021 டிசம்பரில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து, 'சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப்' பதவியில் இருந்த ஜெனரல் பிபின் ராவத் இறந்தபோது, நாளிதழ்கள் அவரையும் முப்படைத் தலைமைத் தளபதி என்றே எழுதின. இரண்டு பேர், ஒரே பெயர். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு தாள் போயிருந்தால் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திரும்பியிருக்கும்.

மனம் ஒப்பாமல் நான் வெட்டியது குமாரமங்கலத்தின் சிறைக்காலத்தைப் பற்றிய பத்தியைத்தான். 1942 மே மாதம் லிபியப் பாலைவனத்தில் பீர் ஹக்கீம் அருகே, பீரங்கிப் படை அதிகாரியாகப் போரிட்டுச் சிறைப்பட்டார். அந்தச் சண்டைக்காக டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் படை விருதைப் பெற்றார். இத்தாலிய முகாமில் அவரோடு அடைபட்டிருந்தவர்களில் இருவர், பின்னாளில் பாகிஸ்தானின் அதிபரான யாகியா கானும் வெளியுறவு அமைச்சரான சாகிப்சாதா யாகூப் கானும். அங்கிருந்து தப்பினார், மீண்டும் பிடிபட்டார், ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். இவ்வளவுக்கும் சான்று இருந்தது. ஆனால் கட்டுரையில் தப்பிய இரவின் உரையாடல்கள், யார் யாரைத் தாங்கிப் பிடித்தார், பிரியும்போது என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பதெல்லாம் மேற்கோள் குறியோடு இருந்தன. எனக்கே பிடித்த பகுதி அது. 'சான்று தேவை' என்று குறியிட்டு மூன்று மாதம் காத்திருந்தேன். யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு ஞாயிறு காலையில் அந்த உரையாடல்களை எடுத்துவிட்டு, ஐந்து வாக்கியங்களை மட்டும் விட்டேன்.

பக்க வரலாற்றில் என் பெயருக்கு எதிரே, நீக்கிய அளவைக் காட்டும் சிவப்பு எண்கள் கழித்தல் குறியோடு வரிசையாக நிற்கின்றன. தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்த என் மனைவி, "இத்தனை நாள் உட்கார்ந்து எழுதினது இதுதானாங்க?" என்றாள். ஆமாம் என்றேன்.